வருடம் போடாத ஒப்பந்தமும் காமயகவுண்டன்பட்டி பதிப்பகமும்

என் மகள் எழுதிய நாவலில் கிணற்றுத் தண்ணீர் பாத்தியதை யாருக்கு என்று விசாரிப்பதற்காகத்தான் போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை கம்பம் பக்கம் போனேன். அருவி, மலை, படகு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நடுவில் கொஞ்சம் மலை வரும்.

மகள் மலர்விழிக்கு வயது இருபத்தைந்து. ஒட்டன்சத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் வேலை. திண்டுக்கல்லிலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்தப் பஸ் நேரத்தில் போனில் தட்டித்தட்டி மூன்று வருடத்தில் ஒரு நாவல் எழுதிவிட்டாள். அத்தியாயம் அத்தியாயமாக ஒரு செயலியில் போட்டாள், யார் யாரோ படித்தார்கள். எனக்கு அதுவே சந்தேகம்தான். முன்பின் தெரியாதவர்கள் ஓசியில் எதற்காகப் பாராட்ட வேண்டும்?

அப்புறம்தான் காமயகவுண்டன்பட்டியில் இருந்து ஒரு பதிப்பகம் எழுதியது. நாவலை அச்சுப் புத்தகமாகவும் மின்னூலாகவும் ஒலிநூலாகவும் கொண்டுவருகிறோம், நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம், விற்றால் உங்களுக்குப் பங்கு, கூடவே நாலு பக்க ஒப்பந்தம். நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் கணக்கை இரண்டாம் தடவைதான் தாண்டினேன். தொழில் மோட்டார் ரீவைண்டிங், அதாவது கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது. வாங்கிவந்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வேகவைக்க விடமாட்டேன். அப்படிப்பட்டவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு போனால், ஆறாவது ஷரத்தில் இப்படி இருந்தது: "மேற்படி நாவலுக்குப் பாத்தியப்பட்ட கிணற்றுத் தண்ணீர், மின் மோட்டார், கல்தூண், கம்பிப் பந்தல் சகிதம் இரண்டாம் பார்ட்டி அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏதோ பழைய பத்திரத்துல பேரை மாத்திப் போட்டிருக்காங்கப்பா. டைப்பிங் தப்பு."

"நாலு பக்கத்தையே ஒழுங்காப் பார்க்காதவங்க உன்னோட இருநூத்தி நாப்பது பக்கத்தை எப்படிப் பார்ப்பாங்க?"

"திங்கக்கிழமை காலையில கையெழுத்துப் போடப்போறேன். அதுக்குள்ள நேர்ல போய்ப் பார்த்து உருப்படியா எதாச்சும் சொல்லுங்க. சும்மா சந்தேகமா இருக்கு, சந்தேகமா இருக்குன்னு சொன்னா எடுபடாது. பால்காரரையும் அப்படித்தான் சொன்னீங்க."

பால்காரர் விஷயத்தில் நான் தோற்றது உண்மை. ஆனால் இது பால் இல்லை. கையெழுத்து விழுந்தால் நாவல் அவர்கள் கைக்குப் போய்விடும். தப்பான ஆட்களாக இருந்தால் மூன்று வருடம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது திரும்பி வராது. நல்ல ஆட்களாக இருந்து, என் பேச்சைக் கேட்டு அவள் விட்டுவிட்டால், ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்த்துச் சோறு போடமாட்டாள்.

காலை 5.45-க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தேனி பஸ். 75 கிலோமீட்டர், கட்டணம் 65 ரூபாய். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழி. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். தேனிக்கு 8.05. பொங்கல், வடை, காபி 75 ரூபாய். வடையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. 8.40-க்குக் கம்பம் பஸ், 40 கிலோமீட்டர், 36 ரூபாய். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி கம்பத்தில் இறங்கும்போது 9.55.

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு, 10 ரூபாய்தான். அவசரத்தில் நான் ஆட்டோ பிடித்து 180 ரூபாய் கொடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஆனால் ஆட்டோவில் ஒரு லாபம், ஓட்டுநரிடம் விசாரிக்கலாம்.

"புத்தகக் கம்பெனியா? இங்கன அப்படி எதுவும் இல்லையேண்ணே. திராட்சைக் கம்பெனின்னா பத்து சொல்லுவேன்" என்றார். போனில் இருந்த முகவரியைக் காட்டினேன். "அட, இது சுருளிவேலு செட்டுல்ல? பழம் பேக்கிங் பண்ற எடம். அங்கனயா புத்தகம் போடுறாக?"

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன்."

"பணம் ஏதும் கட்டிட்டீகளா?"

"இல்ல."

"அப்பச் சரி. எதுக்கும் நான் வெளிய நிக்கவா?"

என்னைவிடப் பெரிய சந்தேகப்பிராணி இருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது. நிற்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

தகரக் கொட்டகை. வாசல் வரைக்கும் திராட்சை அட்டைப்பெட்டிகள். உள்ளே ஒரு ஓரமாகத் தடுப்புக் கட்டி, கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் எட்டிப்பார்த்து, "வாங்கண்ணே, பழமா புத்தகமா?" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்த பாண்டீஸ்வரி அவர்தான்.

மகளுக்காக வேவு பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? "புத்தகம். நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். பேரு பெருமாள்" என்றேன். என் பேர் பெருமாள் இல்லை.

"சந்தோசம்ணே. என்ன புத்தகம்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "மோட்டார் ரீவைண்டிங்."

"எத்தன பக்கம்?"

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃபைல் போன்ல இருக்கா?"

"போன் வீட்ல சார்ஜ் போட்டிருக்கு" என்று சொல்லி முடிக்கவில்லை, சட்டைப்பையில் போன் அடித்தது. மலர்தான். பாதி வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் உள்ளே தள்ளினேன். அது பாட்டுப் பாடி ஓயும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

பேச்சை மாற்ற வேண்டி, "நீங்க போட்ட புத்தகமெல்லாம் எங்க?" என்றேன். எங்கள் தெருவில் ஒருவர் கவிதைப் புத்தகம் ஆயிரம் பிரதி அச்சடித்தார். இன்றைக்கும் அவர் வீட்டுக் கட்டில் அந்தக் கட்டுகள் மேல்தான் நிற்கிறது. எனக்குத் தெரிந்து பதிப்பித்தல் என்றால் அதுதான். இங்கே அலமாரியில் பத்துப் பன்னிரண்டு புத்தகம் மட்டும், அதுவும் வகைக்கு ஒன்று.

"ஸ்டாக் கிடையாதுண்ணே. ஆர்டர் வந்தா அடிக்கிறோம். ஒண்ணு கேட்டா ஒண்ணு, அஞ்சு கேட்டா அஞ்சு. எதுக்கு அடிச்சு வச்சுக் கரையானுக்குப் போடணும்?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. புத்தகமே கையில் இல்லாமல் புத்தகக் கம்பெனி நடத்தலாம் என்றால், நாளைக்கு மோட்டார் இல்லாமல் நான் ரீவைண்டிங் செய்யலாமே? "சரி, ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க" என்றேன். பெரிய ஜெராக்ஸ் மெஷின் மாதிரி ஒன்று, முதுகில் பசை ஒட்டும் மெஷின் ஒன்று, பேப்பர் வெட்டும் மெஷின் ஒன்று. அவர் சுவிட்சைத் தொடப்போனார், பொட்டென்று கரண்ட் போய்விட்டது.

"லைன்ல உரசுற மரக்கொப்ப வெட்டுறாகண்ணே. ரெண்டு மணிக்கு வந்துரும்."

வெளியே வந்து பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றவில்லை. எதிரே டீக்கடையிலும் கேட்டேன். ஊர் முழுக்க இல்லையாம். என் ஒருவனை ஏமாற்ற ஊருக்கே கரண்டை நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் இருந்தது. டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, 11.50-க்குக் குமுளி பஸ் ஏறி லோயர் கேம்ப்பில் இறங்கினேன். 16 கிலோமீட்டர், 35 நிமிடம், 18 ரூபாய். மலை மேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் அதில் விழுந்து, மின்சார நிலையத்து எந்திரத்தைச் சுழற்றிவிட்டு, கால்வாயில் ஓடிப்போய் இந்தப் பள்ளத்தாக்கையே பச்சையாக்குகிறது. தொழில் புத்தி, உள்ளே ஓடும் எந்திரத்துக்கு யார் கம்பி சுற்றிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. உள்ளே விடமாட்டார்கள். சாலையில் நின்று பார்க்க வேண்டியதுதான். குடும்பத்தோடு வந்தால் ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும்.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, போனில் அந்தப் பதிப்பகத்தின் தளத்தைத் திறந்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஐந்து நட்சத்திரம். "அருமை", "மிக அருமை", "அருமையோ அருமை". எழுதிய பெயர்களைப் பார்த்தால், இவர் புத்தகத்துக்கு அவரும் அவர் புத்தகத்துக்கு இவரும் போட்டிருக்கிறார்கள். எனக்குள் இருந்த துப்பறிபவன் எழுந்து உட்கார்ந்தான். ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் போடுவோம், வருகிறதா பார்ப்போம். மதியம் 12.50-க்குப் பணம் கட்டி, என் உண்மையான பேர், வீட்டு முகவரி எல்லாம் கொடுத்து ஆர்டர் செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன், 12 ரூபாய்.

2.25-க்குத் திரும்பிப் போனால் கரண்ட் வந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தாளாக விழுந்து, அட்டைக்குள் உட்கார்ந்து, பசை காய்ந்து, மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு ஐந்தே நிமிடத்தில் சூடாக ஒரு புத்தகம். முகர்ந்துகூடப் பார்த்தேன். அசல் புத்தகம்தான். பாண்டீஸ்வரி அதை ஒரு சின்னத் திராட்சைப் பெட்டிக்குள் வைத்து, முகவரிச் சீட்டை ஒட்டப்போனவர் நின்றார்.

"தங்கராசு, திண்டுக்கல்" என்று வாசித்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த அட்ரஸ் எனக்குத் தெரியும்ணே. எங்க ரைட்டர் மலர்விழி வீடு. காலைல நீங்க போன் வீட்ல இருக்குன்னீக. பையில பாடுச்சு. அதுல மலர்னு பேரு வந்ததை நானும் பாத்தேன்."

நான் திராட்சைப் பெட்டிகளைப் பார்த்தேன்.

"நீங்க அவுக அப்பாவா, இல்ல அவுக பேரை வச்சுக்கிட்டு வந்த பிடிஎஃப் திருடரா? அத மட்டும் சொல்லிருங்க."

விஷயம் என்னவென்றால், போன வருடம் இப்படித்தான் ஒருவர் எழுத்தாளர் என்று வந்திருக்கிறார். பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகியிருக்கிறார். மூன்றாம் நாள் இவர்களுடைய இரண்டு நாவல்கள் வாட்ஸப் குழுக்களில் ஓசியில் ஓடியிருக்கின்றன. காலையிலிருந்து பாண்டீஸ்வரி என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நான் அவரை வேவு பார்க்க, அவர் என்னை வேவு பார்த்திருக்கிறார். ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன். ஒப்பந்தத்தையும் எடுத்து ஆறாவது ஷரத்தைக் காட்டினேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உத்தமபாளையத்துல ஒரு பத்திரம் எழுதுறவருகிட்ட குடுத்தேண்ணே. அவருகிட்ட திராட்சைத் தோட்டக் குத்தகைப் படிவந்தான் இருந்துச்சு. தோட்டம்னு வர்ற எடத்துலெல்லாம் நாவல்னு போடச் சொன்னேன். கெணறு அப்படியே தங்கிருச்சு."

"எத்தனை பேர் இதுல கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"பதினாலு பேரு. கெணத்தப் பத்திக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

பதினான்கு எழுத்தாளர்கள்! புத்தகமே எழுதுகிறவர்கள், நாலு பக்கம் படிக்கவில்லை.

அந்த நேரம் அவர் கணவர் சுருளிவேல் தோட்டத்திலிருந்து கவாத்துக் கத்திரியோடு வந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டுத் தாளை வாங்கி வாசித்தார். குத்தகைப் பத்திரம் வாசித்துப் பழகிய கண், கிணற்றில் நிற்கவில்லை.

"ஏ பாண்டி, வருசம் எங்க?"

"என்ன வருசம்?"

"படிவத்துல மூணாவது வரியே வருசந்தான. இன்ன தேதியில இருந்து இத்தன வருசத்துக்குன்னு. இங்கன இல்லையே."

"புத்தகத்துக்கு என்னத்துக்கு வருசம்?"

"நல்லாருக்கே கத! வருசம் போடாம தோட்டத்தக் குடுத்தா அது குத்தகையா? கெரயம்ல? ஒரேயடியா வித்த மாதிரில்ல?"

நான் ஒப்பந்தத்தை நாலு தடவை படித்தவன். கிணற்றையும் மோட்டாரையும் கட்டிக்கொண்டு அழுதேனே தவிர, இல்லாத வரி என் கண்ணில் படவே இல்லை. இருப்பதைச் சந்தேகப்படத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. "அதுவும் பத்திரக்காரர் விட்டதா?" என்று பாண்டீஸ்வரியைக் கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இல்லண்ணே. அத நாந்தான் எடுக்கச் சொன்னேன்." அவரே மேலே சொன்னார்: "மொத மொதல்ல ஒரு பிள்ளையோட கதையப் போட்டேன். பிழை திருத்தி, அட்ட போட்டு, ஊர் ஊரா லிங்க் அனுப்பி ஆள் சேத்தேன். ஓட ஆரம்பிச்சதும் பெரிய எடத்துல கேட்டாகன்னு போயிருச்சு. ஒரு போன் இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி எவுகளும் போக முடியாதபடி எழுதணும்னு."

கோபம் வந்தது. நியாயமும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பேரம்தான் பேச வரும். இரண்டு வருடம் என்றேன். ஐந்து என்றார். "கொடி வச்சாலே காப்புக்கு வரக் காலம் ஆகுதுல்ல, ரெண்டு பத்தாதுண்ணே" என்றார் சுருளிவேல். நாலில் நின்றது. ஒலிநூலுக்கு மாதிரி போட்டுக் காட்டினார்கள். ஆள் இல்லை, கம்ப்யூட்டரே வாசிக்கிறதாம். ஒரு கதையில் காதலி செத்துப்போகும் இடத்தை, ரயில் எத்தனையாவது நடைமேடைக்கு வரும் என்று சொல்கிற குரலில் வாசித்தது. ஒலி உரிமை கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டேன். கிணறு, மோட்டார், தூண் எல்லாவற்றையும் அடித்து, வருடம் போட்டுப் புதுத் தாள் அச்சடித்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது கேட்டேன், "மத்த பதினாலு பேருக்கும் வருசம் போட்டுக் குடுப்பீங்களா?"

"கேக்கட்டும்ணே. பாப்போம்" என்றார். சுருளிவேல் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெற்றியோடு தாளை மலரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். "உங்களை விசாரிக்கச் சொன்னேன். பேரம் பேசச் சொல்லல. நாலு வருசம் எதுக்கு, மூணு போதும். ஆடியோவை யார் வேணாம்னு சொன்னது? ஆள் வாசிச்சா குடுப்பேன்." அதையே பாண்டீஸ்வரிக்கும் எழுதி அனுப்பினாள். அப்புறம், "ஒப்பந்தத்தை எத்தனை தடவைப்பா படிச்சீங்க?"

"நாலு."

"நாவலை?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மாலைதான் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன்.

அந்தப் பதினான்கு பேரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. அந்தப் பதிப்பக எழுத்தாளர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறதாம், கையெழுத்துக்கு முன்பே இவளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் நட்சத்திரம் போட்டுக்கொள்வது அங்கேதான் ஏற்பாடாகிறது. அதில் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டாள். கீழே ஒரே வரி: "உங்களுடையதில் வருடம் இருக்கிறதா, பாருங்கள்." வேண்டாம் என்று தடுத்தேன். பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்து நம் நாவலை வேண்டாம் என்றுவிட்டால்? "விட்டா விடட்டும்" என்றாள். அவள் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

இந்தப் பயணத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கு: திண்டுக்கல்லில் இருந்து போய்வர, சாப்பாடு ஆட்டோ சேர்த்து எனக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது. விடியற்காலை கிளம்பினால் அன்றைக்கே திரும்பலாம். போகுமுன் கரண்ட் நிறுத்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகவரியில் திராட்சைக் கொட்டகை இருந்தால் பயப்பட வேண்டாம், மெஷின் ஓடுகிறதா பாருங்கள். பொய்ப்பேர் சொல்வதாக இருந்தால் உண்மையான முகவரிக்கு ஆர்டர் போடாதீர்கள். இப்போது யார் வேண்டுமானாலும் பதிப்பாளர் ஆகலாம், யார் வேண்டுமானாலும் எழுத்தாளர் ஆகலாம். பத்தாவது படித்த நானே யாரையும் கேட்காமல் இதை எழுதிப் போட்டுவிட்டேன், பாருங்கள். நடுவில் நின்று தடுக்க ஆள் இல்லை. அப்படியென்றால் நடுவில் நின்று காப்பாற்றவும் ஆள் இல்லை. தாளில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, என்ன இல்லை என்று இன்னொரு தடவை படியுங்கள். தெரியாவிட்டால் குத்தகைக்குத் தோட்டம் விட்டவர் யாரிடமாவது காட்டுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிவரை கம்பத்துப் பக்கமிருந்து சத்தமே இல்லை. மலர் வேலைக்குக் கிளம்பாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 9.20-க்கு அடித்தது, என் போன்.

"அண்ணே, நேத்து ராத்திரியில இருந்து போன் வச்சபாடில்ல. பதினாலு பேரும் வருசம், வருசம்னு உயிர எடுக்குறாக. எல்லாத்துக்கும் புதுத்தாள் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லா இருங்க, நீங்களும் உங்க மகளும்."

"எங்களுது?" என்றேன்.

"மூணு வருசம், ஆடியோவுக்கு ஆள், எல்லாம் மலர் கேட்ட மாதிரியே அனுப்பியிருக்கேன். போன்லயே கையெழுத்துப் போடட்டும். ஆனா சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும். நாளைக்கு வம்பு வந்தா எதுக்க நின்னு பேச ஒரு ஆளு வேணும்ல."

மலர் விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்று வருடம் எழுதியது, இரண்டு நொடியில் முடிந்தது. என் முறை வந்தது. ஓடிபி வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்ததால் மகளிடமும் சொல்லாமல் திரும்பி நின்று நானே தட்டினேன். பிறகு ஆள்காட்டி விரலால் கண்ணாடியில் என் பேரை எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. அழித்துவிட்டு இன்னொரு தடவை, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் எழுதியதைப்போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். மலர் நேரமாகிறது என்று சொல்லவில்லை.